காதை மூடும் ஹெட்போன்

அன்புள்ள அப்பாவுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதைத் தப்பாக நினைக்காதீர்கள். பேசக் கூச்சமாக இருந்தது. நீங்களும் அம்மாவும் நலந்தானே? ஓசூரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பட்டாசுக் கம்பெனியில் வெடி சோதித்தே உங்கள் காது மந்தமானதால், வாட்ஸ்அப்பில் உரக்கப் பேசி அனுப்புவீர்கள். "உங்கப்பா என்ன, மைக்குல பேசுறாரா?" என்று அறைத்தோழி கேட்டதும், மெதுவாகப் பேசச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நீங்கள் எதுவும் அனுப்பவில்லை.

நேற்று ஹெட்போன் வாங்கப் போனேன். காதை முழுதாக மூடும் ரகத்தில்தான் சத்தம் வெளியே கசியாதாம். கடைப் பெண்ணை மாட்டிக்கொள்ளச் சொல்லி, உங்கள் பழைய பேச்சை முழுச் சத்தத்தில் ஓடவிட்டுப் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அவள்தான் சிரித்தாள். "'ஏத்தா, சாப்பிட்டியா'ன்னு கேக்குறாருங்க."

அம்மாவிடம் மிளகாய்ப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். வேலைக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்
நாகஜோதி

இனிப் பக்கத்தில் யாருக்கும் கேட்காது அப்பா. பழையபடி கத்தியே பேசி அனுப்புங்கள்.