என் வாயில் உன் குரல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். உன் அக்காள் மகள் நர்சுப் படிப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள். உன் தம்பியின் மூத்தவன் படகு எஞ்சினைத் தனியாகவே பிரித்து மாட்டுகிறான், பட்டறைக்காரர் வேலைக்கு வைத்துக்கொண்டார். சின்னவள் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பை வைக்க இடமில்லாமல் தையல் மெஷின் மேல் நிற்கிறது. இதுகளையெல்லாம் துறைமுகத்தில் மீன் ஏலம் விட்டுத்தான் ஆளாக்கினேன், ஒருத்தரிடமும் கையேந்தியதில்லை, அது உனக்கே தெரியும்.

தெரிந்தும் எப்படியடி மனசு வந்தது? உன் டப்பிங் வேலையில் பழகிய சினிமாக்காரர்களை இங்கே அனுப்பியதே நீதான். வழக்கம்போல ஏலம் விடும்மா, அவங்க பாட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க என்றாய். நானும் நல்ல சேலை கட்டி, ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்று, விலை கேட்கிற பக்கமெல்லாம் கையை நீட்டி நீட்டிக் கூவினேன். இந்த விலைக்குக் குடுக்கிறதுக்கு மீனைத் திரும்பக் கடல்லயே விட்டுருவேன், போய்யா என்று ஒரு வியாபாரியை விரட்டினதைப் பார்த்துக் கேமராக்காரரே சிரித்தார். படம் வந்ததும் துறைமுகமே திரண்டு போய்ப் பார்த்தோம். திரையில் என் முகம், நீட்டிய என் கை. வாயிலிருந்து வருவதோ, ஐயா பிள்ளைங்க பட்டினி, பாத்துக் குடுங்கய்யா என்று. பேசியது யார் என்று எனக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டியதில்லை. பட்டினி என்கிற இடத்தில் குரல் உடைகிறதே, சின்னதில் நீ ஊசிக்குப் பயந்து அழும்போது உடையுமே, அதே உடைப்பு.

மறுநாள் ஏலத்தில் கையை நீட்டினேன், ஐஸ்காரன், அக்காவுக்கு ஏதாச்சும் போடுங்கப்பா என்றான், கூட்டமே சிரித்தது. வியாபாரிகள் பாதி விலையிலேயே நிற்கிறார்கள், ஏத்திக் கேக்கலேன்னா அழுதுருவியாக்கா என்கிறார்கள். விசைப்படகுக்காரர் இரண்டு பேர் தங்கள் மீனை வேறு ஆளிடம் ஏலத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். உன் தம்பியோ, எழுதிக் குடுத்ததைப் பேசுறா, அது அவ பொழப்பும்மா என்கிறான். எழுதினவனுக்கு என்னைத் தெரியாது. உனக்குத் தெரியுமே. நீ வந்து, ஏலம் நடக்கிற நேரத்தில் அதே ஐஸ் பெட்டி மேல் ஏறி, அது என் குரல், அம்மா அப்படிப் பேசவில்லை என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். அதுவரை போன் பண்ணாதே, உன் குரலைக் கேட்டால் அந்தப் பேச்சுத்தான் கேட்கிறது, அதனால்தான் கடிதம். பனியில் அலையாதே, வெந்நீர் குடி, தொண்டைதானே உன் சோறு. என் ஆசீர்வாதம் உங்கள் இரண்டு பேருக்கும் கோபத்திலும் உண்டு. சுவரில் இருக்கும் உன் போட்டோ உப்புக்காற்றில் வெளுத்துப்போனது, புதிதாக ஒன்று எடுத்து மறக்காமல் தபாலில் போடு. போட்டோ பேசாது, அதையாவது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா