நூலைத் தொட வரும் தட்டு

மருதமுனை
10.03.1996

அன்புள்ள மருமகன் றஸாக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் அறுவடைக்கு இறக்காமம் வயலுக்குப் போயிருந்த நேரம், மேல்மாடிக்குப் போட்டு இன்னும் சரியாக இறுகாத கொங்கிறீட் தட்டைத் தாங்கி நின்ற முட்டுகளை நீங்கள் கழற்றுவித்தீர்கள். சவூதிக்குப் போகுமுன் என் இளையவள் ஸம்ஸியாவை நிக்காஹ் செய்து மேல்மாடியில் குடிபுகும் அவசரம் உங்களுக்கு. நடந்த பிழை அதுதான். நான்கு வருடமாகியும் நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மகள் அம்ஹா மேலே ஓடினால் கீழே மூத்தவள் றாஹிலாவின் அறையில் காலடி கேட்கிறது.

ஊர் திரும்பிய அன்றே அந்த அறையில் சுவருக்குச் சுவர், தட்டுக்கு இரண்டு விரல் கீழே தறிநூல் கட்டினேன். அறையின் நடுவில் தட்டு தொய்ந்து, அப்போதே ஒன்றரை விரல்தான் இடைவெளி இருந்தது. கொங்கிறீட் பாரம் சுமந்து சில வருடம் மெல்ல இறங்கும், பிறகு நிதானிக்கும் என்றார் இஞ்சினியர். நான் படித்த கட்டடப் புத்தகமும் அதையே சொல்கிறது. நிதானித்திருக்கும். நீங்கள் விடவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் மேலே விழுந்த பள்ளத்தைச் சீமெந்தால் நிரப்பச் சொல்லி எழுதுகிறீர்கள். மேலே மட்டம், அந்தப் பாரத்தில் கீழே வயிறு தள்ளுகிறது. இன்று நூலுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு நெல்மணிதான் நுழையும்.

ஸம்ஸியாவிடம் சொன்னேன். வாப்பா மாசாமாசம் ஊட்டுக்குக் காய்ச்சல் பாக்கிறார் என்று சிரித்தாள். பிறகு, கீழ இரிக்கிற ராத்தாதான் எரிச்சல்ல உங்கள ஏவுறா என்றாள். றாஹிலாவிடம் முழுதும் சொன்னால் மேல்மாடியை உடை என்பாள். தட்டு அழுத்தி அறைக்கதவு இறுகியதற்கு, மழைக்கு மரம் ஊதிவிட்டது என்றிருக்கிறேன்.

மேல்வீடு ஸம்ஸியாவின் பெயரில், கீழ்வீடு றாஹிலாவின் பெயரில். இருவருக்கும் எழுதிக் கொடுத்தபின் எனக்கென்று ஒரு முழ நிலம் இல்லை. குத்தகை வயலில் குடிசை போடலாமென்றால் யானையும் நாட்டு நிலவரமும் விடவில்லை. உடைக்கவும் முடியாது, போகவும் முடியாது.

இப்போது ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மேல்தரை முழுக்க மாபிள் கல் பதிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள்.

அல்லாஹ் உங்களை அங்கே நல்ல கூரையின் கீழ் வைத்திருப்பானாக. இனிச் செய்ய வேண்டியது இது. மாபிளை நிறுத்தும்படி ஸம்ஸியாவுக்கு நீங்கள் உங்கள் கையால் எழுத வேண்டும். என் சொல் அவளிடம் எடுபடாது. முட்டுகளைக் கழற்றுவித்தது நீங்கள் என்பதையும் அதில் எழுத வேண்டும். பாண்டிருப்பு மேசன் அழகரெத்தினம் பழைய சீமெந்தைக் கொத்தி எடுத்து, நடுவில் உத்தரம் வைத்துத் தூண் நிறுத்த வேண்டும். அதுவரை அம்ஹாவை அந்த இடத்தில் ஸம்ஸியா ஓட விடக்கூடாது. றாஹிலாவும் பிள்ளைகளும் முன்மண்டபத்தில் படுக்க வேண்டும், படுக்கிறார்கள்.

நூலைப் பார்த்தபடி அதற்குக் கீழே நான் படுக்கிறேன். இறுகிய கதவைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
மாமா அபூசாலி