அங்கிள் திருத்தித் தந்த ஒப்படை

ஓகஸ்ட் 14, 2006, திங்கள்
இரண்டு பாகை, இந்த நாட்டில் ஓகஸ்ட் குளிர்காலம். யன்னல் கண்ணாடி உட்பக்கமும் நனைந்திருந்தது. ஐந்து மணிக்கு எழும்பி ஒலிப்பதிவு விரிவுரை, பாதி. பிறகு வேலை, கிளினிக் வரவேற்பு மேசை. வாங்க: பால், அம்மாவுக்குக் கால் தைலம்.

மத்தியானம் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல். சட்டப் படிப்புக்கு நான் எழுதி அனுப்பிய ஒப்படையும் இன்னொரு மாணவருடையதும் ஒன்றேயாம். அவர் இரண்டு நாள் முந்தி அனுப்பிவிட்டார். ஆகவே பார்த்து எழுதியவள் நான். அடுத்த வியாழன் பத்து மணிக்குத் தொலைபேசியில் விசாரணை. குற்றம் பதிவானால், சட்டத்தரணியாகப் பதியும்போது அதைச் சொல்லியே ஆக வேண்டும். பிறகு யார் எடுப்பார்கள்? நாலு வருடம், வேலைக்கு முன்னும் பின்னும் படித்த படிப்பு.

மற்றவரின் பெயர் கீழே இருந்தது. மூன்று தரம் வாசித்தேன். அங்கிள்.

16, புதன்
காற்று. சாப்பிட முடியவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் எந்த ஆங்கிலக் கடதாசியையும் முதலில் அங்கிள் பார்க்க வேண்டும். நாங்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து அம்மாவின் சட்டம். விசா, வாடகை, என் பள்ளிக்கூட அனுமதி, எல்லாம் அவர் கையால். இங்கத்தைத் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர், நாலு பேருக்குப் படிவம் நிரப்புகிறவர். பட்டம் ஒன்று முடித்து இரண்டாவது படிக்கிறேன், இருந்தும் ஒப்படையைக் கொண்டுபோய் நீட்டினேன். மேலே ஒரு பெட்டி பருப்பு வடை. நாலு நாள் வைத்திருந்துவிட்டு இரண்டு காற்புள்ளி போட்டுத் தந்தார், சிவப்பில்.

அதே பாடத்தைத் தானும் படிப்பதாக ஒரு சொல் சொல்லவில்லை. இணைய வகுப்பில் முகம் தெரியாது. கை உயர்த்த வேண்டாம், எழும்பிப் பேச வேண்டாம் என்றுதான் இதில் சேர்ந்தேன். அந்த மறைவு அவருக்கும் வசதி.

19, சனி
அம்மா அங்கிள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கிள் கதிரையில் காலைத் தூக்கி வைத்து, தமிழ்ப் பத்திரிகையின் மேல் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. ஒரு துண்டு பறந்து என் சப்பாத்தில். அன்ரி தேத்தண்ணி தந்தார், குடிக்கவில்லை.

“பிள்ளை, இதைப் பெரிசாக்காதை. நீ சின்னப் பிள்ளை, திருப்பி எழுதலாம். எனக்குப் பேர் போனால் போனதுதான். என்னட்டைப் பாத்து எழுதினதெண்டு சொல்லிவிடு. மன்னிச்சு விடுவாங்கள்.”

அவர் மேசையில் புது விசிற்றிங் கார்ட் கட்டு. பெயருக்குப் பின்னால் எல்.எல்.பி. இப்போதே.

அம்மா சிரித்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பும் அருவருப்பாக இருந்தது. வெளிக்கிடும்போது நானும் “தாங்ஸ் அங்கிள்” என்றேன், அது அதைவிட அருவருப்பு.

20, ஞாயிறு
குசினியில் அம்மா. “அவர் இல்லாட்டி நாங்கள் இண்டைக்கு இங்கை இல்லை. ஒருக்கா ஓமெண்டு சொல்லன். என்ன குறைஞ்சு போகும்?”

என்ன குறையும் என்று சொன்னேன். வேலை, படிப்பு, எல்லாம். “ஒண்லைன் படிப்புத்தானே, வேறை இடத்திலை தொடங்கு” என்றார். வெங்காயம் வெட்டியபடி.

அம்மாவுக்குத் தெரியாதது ஒன்று. கவனக்குறைவால் வரும் காயம் பற்றிய ஒப்படை அது. நாலாம் பக்கத்தில் உதாரணத்துக்கு ஒரு பெண், கோழித் தொழிற்சாலையில் கொழுப்பு படிந்த தரையில் வழுக்கி விழுகிறாள். அது அம்மா. இடது முழங்கால். நட்ட ஈடு கேட்டால் வேலை போய்விடும் என்று அன்று தடுத்தவர் அங்கிள். அந்தப் பக்கத்தையும் ஒரு எழுத்து மாற்றாமல் எடுத்திருக்கிறார்.

22, செவ்வாய்
ஒன்றும் படிக்கவில்லை. பழைய கொப்பியில் ஒப்படையின் கைப்பிரதி இருக்கிறது, வெட்டல் திருத்தலோடு. ஸ்கான் பண்ணிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். கிளினிக்கில் ஒருவர் நான் சிரிப்பதில்லை என்று முறைப்பாடு. சரி.

24, வியாழன்
மழை. லீவு. குறிப்பெடுக்க வேண்டுமென்று தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டேன். விசாரிக்கும் பெண், நான், அங்கிள், ஒரே இணைப்பில். அம்மா குசினி வாசலில்.

முதலில் அவர் பேசினார், அந்த மேடை ஆங்கிலத்தில். நான் அவருக்கு மகள் மாதிரியாம். கூச்ச சுபாவமாம். நெருக்கடியில் எடுத்துவிட்டேனாம், மன்னிக்கிறாராம்.

அந்தப் பெண் நாலாம் பக்கத்துச் சம்பவம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தன்னிடம் வந்த ஒரு கிளையன்ற்றுக்கு நடந்தது என்றார் அங்கிள், யோசிக்காமல்.

இடைமறித்துச் சொன்னேன்: விழுந்தது என் அம்மா. எழுதியது நான். திருத்தக் கொடுத்ததும் நான்தான், அது என் பிழை.

தொழிற்சாலை, தரை, முழங்கால். அம்மாவுக்கு விளங்கும் ஆங்கிலம். ஈரக் கையோடு வந்து தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தார். “மை லெக்” என்றார். “ஹி நோ.”

அங்கிளுக்குத் தெரியும் என்றுதான் சொல்ல வந்தார். அங்கிள் இருமினார். முடிவு எழுத்தில், இரண்டு கிழமையில் என்றார் அந்தப் பெண்.

தொலைபேசியை வைத்த பிறகும் அம்மா நின்றார். அங்கிளைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

“நீயும் என்ரை காலை எடுத்து எழுதினனிதானே. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனியோ?”

கேட்கவில்லை.