பல்லாவரத்தில் ஒரு டெவ்லின்

ஜனவரி 3, 1968

கட்டுரைப் போட்டியில் முதலாவதாக வந்ததற்குப் பியூலாவுக்குக் காலேஜில் கொடுத்த பரிசு இந்த டைரி. "எனக்கு எழுத நேரம் ஏது? நீங்க எழுதுங்க பாட்டி" என்று தந்துவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பேத்தி பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம், அதுவும் ரசாயனம். அவளுக்கு மூத்தவன் அசரியா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் சார்ஜ்மேன் ஆகிவிட்டான். இருபத்துநாலு வயதில் அவனுக்குக் கீழே பதினேழு ஆள். எல்லாருக்கும் மூத்தவன் எட்மண்ட். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் தங்கப் பதக்கம், கப்பலேறிப் போய் பாஸ்டனில் டாக்டர் பட்டம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, அதற்கும் மேலே.

எட்மண்ட் பெயரை இந்த வீட்டில் சத்தமாகச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். போன ஜூலையில் கடிதம் வந்தது. அமெரிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று. கேட்டு எழுதவில்லை, முடித்துவிட்டு எழுதினான். என் மகன் ஐசக் அதை இரண்டாக மடித்துத் தன் மனைவி கிருபா கையில் கொடுத்து, "இனிமே அவன் லெட்டர் வந்தா எங்கிட்ட காட்டாதே" என்றான். அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 19

எனக்கென்று தனியாக ஒரு கடிதம்! எட்மண்ட் கையெழுத்து. ஐசக் ஆபீஸ் போனபிறகு பிரித்தேன்.

எட்மண்டின் மனைவி பெயர் நோரீன். வீட்டுப் பெயர் டெவ்லின். அயர்லாந்து தேசத்திலிருந்து அமெரிக்கா போன ஜனங்களாம். அவளுடைய அத்தைப்பாட்டி ஹனோராவுக்கு எழுபத்தெட்டு வயது. வம்ச மரம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறாள், பன்னிரண்டு வருஷமாக! அதில் ஒரு கிளை மட்டும் அறுந்து நிற்கிறது. பேட்ரிக், மார்ட்டின் என்று இரண்டு அண்ணன் தம்பி. அண்ணன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். தம்பி பட்டாளத்தில் சேர்ந்து மெட்ராஸ் வந்தான். 1861இல் ஒரே ஒரு கடிதம் போட்டிருக்கிறான் — எங்கிருந்து? பல்லாவரத்திலிருந்து! நம் தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் இரண்டே ஸ்டேஷன்.

"பாட்டி, அவர் கல்லறை அங்கே இருக்கிறதா என்று பார்ப்பீர்களா? கிடைத்தால் அத்தைப்பாட்டிக்காக டிசம்பரில் நானும் நோரீனும் வந்து மாலை வைப்போம்" என்று எழுதியிருக்கிறான்.

வருவானாம். கல்லறை கிடைத்தால் வருவானாம்.

ஜனவரி 20

கடிதத்தோடு வந்த வம்ச மரத்தைப் பியூலா வாசிக்க வாசிக்க எழுதிக்கொண்டேன். பேட்ரிக் 1847இல் போனவன். உருளைக்கிழங்கு அழுகி ஊரே பட்டினி கிடந்த காலமாம். பாஸ்டனில் செங்கல் சுமந்தான். அவன் மகன் வில்லியம் ரயிலில் கரி அள்ளிப் போட்டவன். வில்லியமுக்கு டேனியல், தீயணைப்புக்காரன். டேனியலின் தங்கைதான் இந்த ஹனோரா. டேனியலுக்கு லியோ, பள்ளிக்கூட வாத்தியார். லியோவுக்கு நோரீன்.

செங்கல், கரி, தீ, அப்புறம் வாத்தியார். எங்களுக்கும் அப்படித்தானே? தாது வருஷப் பஞ்சத்தில் என் மாமனாரின் அப்பா திருநெல்வேலியிலிருந்து நடந்தே வந்தார் என்பார்கள். நடந்து வந்தவருக்கும் கப்பலேறினவனுக்கும் வயிறு ஒன்றுதான். இதை ஐசக்கிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டான்.

பிப்ரவரி 8

பல்லாவரம் போனேன், பியூலாவோடு. வெள்ளைக்காரச் சிப்பாய் நம் சபைக் கல்லறைத் தோட்டத்தில்தானே இருப்பான்? முள்ளும் எருக்கும். கல்லில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தோம். டெவ்லின் இல்லை.

பிப்ரவரி 22

மறுபடியும் போனோம். இல்லை.

பிப்ரவரி 27

பரங்கிமலைக்கும் போனோம். அங்கே ஒரு டேவிஸ் இருக்கிறான். டேவிஸை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மார்ச் 11

இன்று பல்லாவரத்தில் கல்லறைக் காவல்காரன் லோகு சிரித்துவிட்டான்.

"இன்னா பாட்டிம்மா, மூணாவது தபா வந்துகினு கீறீங்க. புதையலா கீது?"

விஷயத்தைச் சொன்னேன். பெயரைக் கேட்டான். எந்த ஊர் என்று கேட்டான். அயர்லாந்து என்றதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"அய்ய! ஐரிஷ்காரன் இங்க இன்னாத்துக்கு வரான்? இங்க கீறவன் பூரா இங்கிலீஷ்காரன். அவனுங்க அந்தாண்ட மாதா கோயில் பக்கம். செத்தும் ரெண்டு பேரும் ஒண்ணா பட்த்துக்க மாட்டானுங்க பாட்டி."

பியூலா ரயில் ஏறும்வரை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐரிஷ்காரன் ஆர்.சி., நம்மைப் போலப் புராட்டஸ்டண்ட் இல்லை என்றால், நோரீன்?

மார்ச் 12

எட்மண்டுக்கு ஏரோகிராம் போட்டேன். ஒரே ஒரு கேள்வி.

ஏப்ரல் 6

பதில் வந்தது. "ஆமாம் பாட்டி. கல்யாணம் அவர்கள் கோயிலில்தான் நடந்தது. அப்பாவுக்கு இதை எழுதத் தைரியம் வரவில்லை. நோரீனுக்கு ஆகஸ்டில் பிரசவம்."

கொள்ளுப்பேரன்! சந்தோஷப்படவா, என்ன செய்ய?

ஏப்ரல் 7

ஞாயிறு. ஐசக் கடிதத்தைப் பார்த்துவிட்டான். கிருபாதான் காட்டினாள், பேரப்பிள்ளை வருகிறது என்றால் மனம் இளகும் என்று நினைத்து.

"நான் சபைக்குச் செக்ரட்டரி. சொல்லாம கல்யாணம் பண்ணான், சரி. இப்ப ஆர்.சி. இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல."

"எனக்கும் நேத்துத்தான்டா தெரியும்."

"தெரிஞ்சப்புறமும் கல்லறை தேடப் போவீங்களா?"

கிருபாதான், "உங்க பிள்ளைங்க அது. எந்தக் கோயில்ல தண்ணி தெளிச்சா என்ன?" என்றாள். பன்னிரண்டு மணி வெயிலில் குடையில்லாமல் வெளியே போய்விட்டான்.

ஏப்ரல் 9

ஐசக் பேச்சு யாரிடமிருந்து வந்தது? என்னிடமிருந்துதான். இதை இதுவரை எங்கும் எழுதினதில்லை.

என் தங்கை தபீதாள். 1936இல் பல்லாவரம் தோல் கம்பெனி மேஸ்திரியைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். நல்ல பையன், ஆனால் ஆர்.சி. "போறதா இருந்தா போ, ஆனா திரும்பி வராதே" என்று சொன்னது அப்பா இல்லை. நான்தான். அக்கா என்கிற அதிகாரத்தில் சொன்னேன். அவளும் சொன்னபடி திரும்பி வரவில்லை. 1951இல் காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கத்துக்குப் போனேன், கோயில் வாசலோடு நின்றுவிட்டேன். எல்லாரும் உள்ளே போனார்கள். நான் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

இரண்டு ஸ்டேஷன். பதினைந்து வருஷம் அவள் உயிரோடு இருந்தாள், அந்த இரண்டு ஸ்டேஷன் தூரத்தில்.

ஏப்ரல் 25

ஈஸ்டர் கழிந்து இன்று பல்லாவரம் மாதா கோயிலுக்குப் போனேன். பியூலாவுக்குப் பரீட்சை, தனியாகத்தான். பங்குச் சாமியார் சின்ன வயது. யார், எந்தச் சபை என்று ஒன்றும் கேட்கவில்லை. கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையைக் கூப்பிட்டுப் பழைய ரிஜிஸ்டரை எடுத்துத் தரச் சொன்னார். கரையான் தின்றது போக மிச்சம். ஒரு மணி நேரம் விரல் வைத்துத் தேடினார் கோயில்பிள்ளை.

"இந்தாங்கம்மா. மார்ட்டின் டெவ்லின். பென்ஷன் சிப்பாய். 1874 ஜூன். பெஞ்சாதி சூசையம்மாள். அதுக்கு முன்னாடியே ஒரு கொழந்த, நாலு மாசம். மூணும் ஒரே இடம்."

சூசையம்மாள்! நம் ஊர்ப் பெண்!

கல் பாதி மண்ணுக்குள் இருந்தது. கோயில்பிள்ளை தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். இங்கிலீஷில் அவன் பெயர். கீழே அவள் பெயர் தமிழில், கோணல்மாணலாக. தமிழ் தெரிந்த யாரோ செதுக்கியிருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அவளை வீட்டில் என்ன சொன்னார்களோ. அவளுக்கும் ஓர் அக்கா இருந்திருப்பாளோ.

கிளம்பும்போது கோயில்பிள்ளை கேட்டார்: "வேற யாரையாச்சும் பாக்கணுமாம்மா?"

இல்லை என்று சொல்லிவிட்டு நாலடி நடந்தேன். பிறகு திரும்பி, "தபீதாள்" என்றேன். அவர் ரிஜிஸ்டரைத் திறக்கவே இல்லை. "மேஸ்திரி சம்சாரம்தானே? எங்களுக்கெல்லாம் வேதபாடம் சொல்லிக் குடுத்தவங்க" என்று நேரே கூட்டிப்போனார். அங்கே எருக்கு இல்லை, சுத்தமாக இருந்தது. நீங்க யாரும்மா என்று கேட்டார்.

அக்கா என்று சொல்ல வாய் வர ரொம்ப நேரம் ஆனது.

ஏப்ரல் 28

அசரியா இரவல் கேமராவில் கல்லைப் படம் எடுத்துக்கொடுத்தான். அமெரிக்காவுக்கு அனுப்பியாயிற்று. தபீதாளைப் பற்றியும் எழுதினேன், ஒன்றையும் மறைக்கவில்லை. எட்மண்டுக்கு அவள் பெயரே தெரியாது.

ஜூன் 14

ஹனோரா அம்மாளே எழுதியிருக்கிறாள், நடுங்கும் கையெழுத்தில். பியூலா வாசித்துச் சொன்னாள். சூசையம்மாளை மரத்தில் ஏற்றிவிட்டாளாம். பெயரைத் தமிழிலேயே பார்த்து எழுதினாளாம், மூன்று தடவை தப்பாகி. அடுத்து: "எட்மண்டின் பக்கம் வெறும் தாளாக இருக்கிறது. அவன் முன்னோர் பெயர்களை அனுப்புங்கள். தபீதாளையும் சேர்த்து."

ஜூன் 16

கூடத்து மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஐசக் இரண்டு தடவை குறுக்கே நடந்தான். மூன்றாம் தடவை நின்றான்.

"தப்பு. தாத்தாவோட அப்பா பேர் மாசிலாமணி இல்ல. அது ஞானஸ்நானத்துக்கு முந்தி. அப்புறம் வேதசிரோமணி."

"அப்படியா? எனக்குத் தெரியாதே."

"இங்க குடுங்க. அமெரிக்காக்காரன் வாசிக்கிற காகிதம், இப்படியா தப்பும் தவறுமா அனுப்புவாங்க?"

பேனாவைப் பிடுங்கிக்கொண்டான். நடந்து வந்தவர், அவர் மகன், என் வீட்டுக்காரர், எல்லாரையும் வருஷத்தோடு எழுதினான். தன் பெயரும் கிருபா பெயரும் எழுதினான். அதோடு கை நின்றுவிட்டது. கிருபா அடுப்படி நிலையிலேயே நின்றாள்.

கடைசியில் எழுதினான்: எட்மண்ட். 1940 நவம்பர் 9. விடியற்காலம் நாலு இருபது. நல்ல மழை.

மழையை எல்லாம் எழுத வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. நோரீன் பெயரை எழுதவில்லை. இடம் விட்டிருக்கிறான்.

செப்டம்பர் 2

பெண் குழந்தை! ஆகஸ்ட் 17. மார்த்தா ஹனோரா.

அக்டோபர் 20

போட்டோ வந்தது. வெள்ளை நீளச் சட்டையில் குழந்தை, பின்னால் அவர்கள் கோயில் மெழுகுவர்த்தி. மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. ஐசக் ஒரு முறை பார்த்தான், மேஜையில் வைத்தான். கூடவே செய்தி: கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் வர முடியாதாம், டிசம்பர் பயணம் இல்லை. அடுத்த வருஷமா, அதற்கடுத்ததா, தெரியாது.

எனக்கு அறுபத்தொன்பது.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். பல்லாவரத்தில் டெவ்லின், தபீதாள் இரண்டு கல்லறையிலும் மெழுகுவர்த்தி வைத்தேன். கிருபாவும் வந்தாள்.

நவம்பர் 23

நாலு நாளாகப் போட்டோவைக் காணோம். வேதப்புத்தகத்துக்குள், தலையணைக்கடியில், எங்கும் இல்லை. பியூலாவைத் திட்டினேன், பாவம். கடைசியில் கிருபா என் காதோடு சொன்னாள்: "அத்தை, தேடாதீங்க. அவரோட ஆபீஸ் மேஜையில கண்ணாடிக்கடியில இருக்காம். வர்றவன் போறவன்கிட்டல்லாம் காட்டிட்டிருக்காராம்."

நவம்பர் 24

ஏரோகிராமுக்கு முன் இங்கே எழுதிப் பார்க்கிறேன்:

அன்புள்ள எட்மண்ட், எல்லாரும் சுகம். நோரீனுக்கு என் முத்தம் சொல்லு. ஹனோரா அம்மாளைக் குளிரில் வெளியே விடாதே. நீ வரும்போது வா, நான் இருப்பேன். குழந்தையின் படம் இப்போது என்னிடம் இல்லை. உன் அப்பா எடுத்துக்கொண்டான், திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆகையால் இந்தக் கடிதம் கண்டவுடன் புதிதாக ஒரு போட்டோ எடுத்து, என் பெயருக்கு, ரத்தினபாய் என்று போட்டுத் தபாலில் அனுப்பு.