முதல் வரியில் கை வைத்தால்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். புதுவாயல் ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் ஐந்து பேர். பக்கத்தில் மேரி, கெமிக்கல் கம்பெனி.

"ஞாயித்துக்கெழமகூட கம்ப்யூட்டர நோண்டிக்கினே கீறியே, இன்னாக்கா வேல அது?"

சொன்னேன். கம்ப்யூட்டர் போர்டை ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற நிரல். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி இலவசமாக விட்டிருக்கிறோம். மெமரியை அடையாளம் காணும் பகுதி நான்கு வருடமாக என் பொறுப்பு. சம்பளம் கிடையாது.

"சம்பளமே இல்லியா? பேஜாரு புட்ச்ச வேலக்கா."

இந்த வாரப் பாக்கி:
– கோப்புகளின் முதல் வரியில் உரிமம் போடுவது. (யாரும் எடுக்கலாம், திருத்தலாம். விற்றால் நாங்கள் எழுதிய மூல நிரலையும் சேர்த்துக் கொடுக்கணும், உரிம வரியை அழிக்கக் கூடாது.) கிட்டத்தட்ட முடிந்தது.
– மெமரிப் பட்டியல்கள் மட்டும் மீதி. அதில் வெறும் எண்கள்தான். மெமரி எந்த வகை என்பதே முதல் வரி. அதற்கு மேல் உரிமம் வைத்தால் படிக்கும் நிரலையும் மாற்றணும். சோம்பல்.
– அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

ஜூன் 10, செவ்வாய்

எம்.டி. கூப்பிட்டார். வியாழக்கிழமை ஸ்டீல் மில்லில் எங்கள் கம்பெனியின் கண்ட்ரோல் போர்டைக் காட்டணும். உள்ளே ஓடுவது அந்த இலவச நிரல்தான். அதில் தப்பில்லை.

"அந்த லைசென்ஸ் லைன் எல்லாத்தையும் தூக்கிடும்மா. மில்லுக்காரன் பாத்தான்னா, ஊரே வச்சிக்கினு கீறதத்தான் எனக்கு விக்கிறியான்னு கேப்பான்."

"மாட்டேன் சார்."

"இன்னாது?"

"எடுக்கலாம், விக்கலாம். அந்த லைன அழிக்கக் கூடாது. அதான் கண்டிஷன்."

"அப்ப ஊட்லயே இருந்துக்கோ."

என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. ஆனாலும் இன்னொரு தடவை 'மாட்டேன்' என்றேன்.

ஜூன் 11, புதன்

வராதே என்று எழுத்தில் யாரும் தரவில்லை. போனேன். என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உரிம வரி அழிக்கும் வேலையை சீனியர் பாஸ்கர் சாரிடம் கொடுத்துவிட்டார்கள். "ரெண்டு நிமிசம்தாம்மா ஆச்சு. எல்லா ஃபைல்லயும் மொத லைன அழின்னு ஒரே கமாண்டு." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மூன்று பிள்ளைகள் அவருக்கு. அவரைத் திட்ட மனம் வரவில்லை. எம்.டி.யைத் திட்டினேன், மனதுக்குள், இங்கே எழுத முடியாத வார்த்தையில்.

ஜூன் 12, வியாழன்

மில்லிலிருந்து பாஸ்கர் சார் போன். "ஸ்விட்ச் போட்டா ஒண்ணுமே இல்லம்மா. ஸ்க்ரீன் கறுப்பா நிக்குது. மில் இன்ஜினியர் டீ சாப்ட போயிட்டாரு."

அப்புறம்தான் உறைத்தது. எல்லா ஃபைலிலும் முதல் வரி! மெமரிப் பட்டியலிலும்! அங்கே உரிம வரியே கிடையாதே. போனது மெமரியின் வகை. தன் மெமரி என்னவென்றே தெரியாமல் போர்டு முழிக்கிறது.

ஷேர் ஆட்டோவில் தனியாகச் சிரித்தேன். மேரி பயந்துவிட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

தூறல். எம்.டி. என் மேஜைக்கே வந்தார்.

"நாளைக்கு இன்னொரு சான்ஸ் குடுத்துகிறாங்க. எப்டியாவது பண்ணும்மா."

"பழைய மாதிரி திருப்பி வச்சா ஓடும். எல்லா லைனும் திரும்ப வரும் சார். லைசென்ஸும்."

"மெமரிது மட்டும்..."

"எல்லாம்."

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நிரலும் சேத்துக் குடுக்கறோம்னு டெலிவரி சலான்ல எழுதுங்க. அப்புறம் கீபோர்டைத் தொடறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். ஒரே கமாண்ட். போர்டு எழுந்தது.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று மில்லில் ஓடியதாம். இன்ஜினியர் நிரலையும் கேட்டு வாங்கிக்கொண்டாராம். நாளை எனக்கு வேலை இருக்கிறதா, தெரியாது. போவேன்.

சொட்டு மருந்து வாங்கியாச்சு.

குழுவில் ஒருவர், எந்த நாடோ, மெயில் போட்டிருக்கிறார். மெமரிப் பட்டியல்களின் தலையிலும் உரிம வரி வைக்கலாமே, படிக்கும் நிரலை நானே மாற்றித் தருகிறேன் என்று. நல்ல மனுஷன்.

யோசித்தேன். அப்படி வைத்தால், அடுத்த தடவை எவனாவது முதல் வரிகளை அழிக்கும்போது உரிமம் மட்டும் போகும். போர்டு ஜோராக ஓடும், அவன் மாட்டவே மாட்டான்.

உரிமம் பக்கத்தில் தனிக் கோப்பாக இருக்கட்டும். பாக்கியில் இரண்டாவதை அடித்துவிட்டேன்.

பதில் போட்டேன்: வேண்டாம்.