வரிக்கு ஒரு டாலர்

ஜெராம், சிலாங்கூர்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்.

அன்பு மகள் செரீனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் பூனை மூவரும் சுகம். சரவாக்கில் நீயும் உன் ஆற்றோரப் பள்ளிக்கூடமும் சுகமா?

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். லாப்டாப்பில் செருகும் வைஃபை குச்சி இடியில் செத்துப்போனது என்று போனில் சொன்னேனே, அது பொய். லாப்டாப்பில் ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. எனக்குப் புரியவில்லை. கேட்டவரை இல்லையென்று அனுப்பும் வழக்கம் நம் வீட்டில் கிடையாதே என்று, ஆமாம் என்று அழுத்திவிட்டேன். அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டது, குச்சியை மறந்துவிட்டது. தோட்டத்தில் வேலை வாங்கப் புது மண்டோர் வந்தால் பழைய ஆளை யாரென்று கேட்பானே, அந்த மாதிரி.

இடியில்லைப்பா, குச்சியை இயக்குற டிரைவர் போயிருக்கும், மறுபடி கட்டணும் என்று நீ சொன்னாய். இருபத்தாறு வருஷமாய்ச் செம்பனை லோரி ஓட்டுகிறேன், டிரைவர் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன் என்றேன். நீ சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மனு போகாவிட்டால் என்னை நம்ம சிலாங்கூருக்கே மாற்றிவிடுவாங்க, இன்னும் ரெண்டு வருஷம் இந்தப் பிள்ளைகளோட இருக்கணும், எழுதிவச்ச மனு, சர்டிபிகேட்டெல்லாம் வீட்டு லாப்டாப்பில்தான் இருக்கு என்று அழாத குறையாகச் சொன்னாய். சரி என்றேன்.

குச்சிக்கென்று நீ எழுதிவைத்த பச்சை நோட்டை எடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நம்பர் பிளேட் படிப்பேன். அந்த மாதிரி எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன். ஒவ்வொரு வரியின் தலையிலும் நீ டாலர் குறி போட்டிருந்தாய். வரிக்கு ஒரு டாலர் கேட்கிறான் போல, பில் மாசக்கடைசியில் வரும் என்று நினைத்து அதையும் அடித்தேன். ரெண்டு நாள் அது என்னைத் திட்டிக்கொண்டே இருந்தது. கடைக்கார ஷர்வினைக் கூப்பிடுங்க என்றாள் அம்மா. என் மகள் எழுதினதை அவன் எதுக்குப் படிக்கணும் என்றேன். புதன்கிழமை காப்பி கொண்டுவந்தவள் திரையை எட்டிப் பார்த்து, ஏங்க, அங்கதான் ஏற்கெனவே ஒரு டாலர் நிக்குதே, நீங்க எதுக்கு இன்னொண்ணைக் கொண்டுபோய் நிறுத்துறீங்க என்றாள். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு நான், ஆறாம் வகுப்பு அவள். அந்த மூன்று வருஷம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

டாலரை விட்டேன். ஓடியது பார்! சிசி, சிசி என்று வரிசையாக வந்தது. என்ஜின் விஷயம்தான், நமக்குத் தெரிந்த இடம் என்று தைரியம் வந்தது. நடுவில் ஏதோ எச்சரிக்கை என்று காட்டியது. என் லோரியில் பதினோரு வருஷமாய் மஞ்சள் விளக்கு எரிகிறது, நிறுத்தினேனா? கடவுச்சொல் கேட்ட இடத்தில் நோட்டைப் பார்த்தேன். என் லோரி நம்பர். சொல்லவே இல்லையே நீ.

கடைசி வரிக்குக் குச்சியில் நீல விளக்கு எரிந்தது. எண்ணெய் மில்லில் நிறுவைக்கு நின்ற அத்தனை லோரிக்காரனிடமும் சொன்னேன், டிரைவரைக் கட்டின டிரைவர் நான்தான் என்று. ஒருவனுக்கும் புரியவில்லை. இருந்தாலும் காப்பி வாங்கிக் கொடுத்தான்கள்.

வியாழக்கிழமை உன் மனு போய்விட்டது. ரசீது எண்ணை அம்மா நாள்காட்டியில் எழுதியிருக்கிறாள். அழுத்துவதற்கு முன் அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். குச்சி கடைசிவரை எரியவில்லை என்று சொன்னால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? அம்மாதான், அழுத்துங்க என்றாள்.

அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல டீச்சராக இரு. படகில் ஏறும்போது மிதவைச் சட்டை போட்டுக்கொள். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வரத்தையும்தான்.

உன் அப்பா,
கொர்னேலியஸ்

பி.கு. இதை ஈமெயிலில் அனுப்பத்தான் உட்கார்ந்தேன். பெட்டி ஒன்று வந்து ஏதோ கேட்டது. ஆமாம் என்றேன். நீல விளக்கு எரியவில்லை. தபால்தலை வாங்க அம்மா போயிருக்கிறாள்.