நீக்காத பதிவு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

எங்கள் நூலக ஊழியர்கள் வேலையில் கற்றதைப் பகிர ஒரு வலைப்பூ உண்டு. வாசகர்கள் முன்பதிவு செய்திருந்த புத்தகங்களைத் தனியே எடுத்துவைக்காமல், மூன்று மாதமாக நான் அலமாரியில் அடுக்கிவந்ததை அதில் எழுதினேன். தலைமை நூலகர் கூப்பிட்டார்.

“மானத்தை வாங்குறியேம்மா. அதை எடுத்துடு.”

“என் தப்பைத்தானே மேடம் எழுதினேன்? எடுக்க மாட்டேன்.”

“அடுத்த மாசம் உன் ஒப்பந்தம் முடியுது. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு மேடம்.”

பயப்படாதே அம்மா, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

உன் தலையணை உறை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

இடைவேளை முடிகிறது. பதிவின் கீழே நான்கு பேர், “நானும் இப்படித்தான் அடுக்கினேன்” என்று எழுதியிருக்கிறார்கள். நீக்கினால் அவர்கள் சொன்னதும் அழிந்துவிடும். வேலை போனாலும் நீக்க மாட்டேன்.

உன் மகள்